பணிமனையில் நம்பிக்கையும் துரோகமும்

கள்வனுக்கு அஞ்சி மக்கள் வீட்டுக்குக் கதவும், கதவுக்குப் பூட்டும் அமைத்தனர். ஆனால், திறப்பை ஒப்படைக்கப்பட்டவனே களவு செய்யத் துணிவானாயின் பூட்டினால் விளையும் பயன் யாது? வெளியாரின் களவுக்கும் உடனிருப்போரின் துரோகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னையது பொருளை மட்டும் கொண்டுபோகிறது. பின்னையது பொருளோடு நம்பிக்கையையும் கொண்டுபோய்விடுகிறது.

கந்தோராயினும், தொழிற்சாலையாயினும், சங்கக் கடையாயினும் அங்கு வேலை நடைபெறுவது ஒருவரை ஒருவர் நம்புவதாலேயே. காசாளர் எண்ணிய பணத்தை மறுபடி எண்ணாமலே முகாமையாளர் கையொப்பமிடுகிறார். களஞ்சியப் பொறுப்பாளர் எழுதிய தொகையை எழுதுவினைஞர் அப்படியே பேரேட்டிற் பதிகிறார். ஒவ்வொருவரும் மற்றவரின் வேலையை முற்றாகச் சரிபார்த்தே தம் வேலையைத் தொடங்குவதென்றால் ஒரு நாளில் ஒரு கடிதமேனும் வெளியே போகாது. ஆதலால் நம்பிக்கை என்பது பணிமனையின் அலங்காரமன்று, அதன் அத்திவாரமாகும். அந்த அத்திவாரத்தின் கீழ் ஒருவர் குழிபறிக்கும்போது மற்றவர்கள் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பது ஆராயத்தக்கதொரு பொருளாகும்.

உடன் பணிபுரிவோரை வஞ்சிப்பவர்கள் பிறவியிலேயே கொடியவர்கள் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றனர். ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. அமெரிக்க சமூகவியலறிஞர் டொனால்ட் கிரெசி, நம்பிக்கைப் பொறுப்பிலிருந்து பணத்தைக் கையாடிச் சிறை சென்ற பலரைச் சிறைக்கூடங்களிலேயே சந்தித்துப் பேசினார். தாம் கண்டறிந்தவற்றை 1953இல் நூலாக வெளியிட்டார். அத்தகையோரிடம் மூன்று நிலைமைகள் ஒருங்கே காணப்பட்டன என்பது அவர் முடிபு. பிறரிடம் சொல்ல வெட்கப்படுகின்ற ஒரு பணமுடை முதலாவது. யாரும் அறியாமல் அதனைத் தீர்க்கலாம் என்ற வாய்ப்பு இரண்டாவது. தாம் செய்வது களவன்று, கைமாற்றே. பின்னர் திருப்பி வைத்துவிடலாம் எனத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம் மூன்றாவது. இம்மூன்றனுள் மூன்றாவதே மிகவும் கவனிக்கத்தக்கது. துரோகி பிறரை ஏமாற்றுமுன் தன்னை ஏமாற்றிக்கொள்கிறான்.

இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சியொன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்தது. அம்மாநிலத்துக் கிளின்ரன் என்னும் சிறிய நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது வேர்ள்ட்கொம் என்னும் தொலைபேசிக் கம்பனி. 1983இல் வேறொரு பெயருடன் மிகச் சிறிய அளவில் தொடங்கப்பட்ட இக்கம்பனி, பேர்னாட் எபேர்ஸ் என்பவரின் தலைமையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கம்பனிகளை விலைக்கு வாங்கி வளர்ந்தது. 1998இல் வருவாயில் தன்னினும் பெரிதாயிருந்த எம்.சி.ஐ. என்னும் கம்பனியையே வாங்கிக்கொண்டது. 1999இல் அதன் பங்கொன்று 60 டொலருக்கு மேல் விலைபோயிற்று. மிசிசிப்பி மக்கள் அதனைத் தம் மாநிலத்தின் பெருமையாகக் கொண்டாடினர். ஊழியர்களுட் பலர் தம் ஓய்வுகாலச் சேமிப்பையே அதன் பங்குகளில் இட்டு வைத்திருந்தனர்.

ஏற்றத்துக்கு ஓர் எல்லை உண்டல்லவா? 2000ஆம் ஆண்டளவில் தொலைபேசித் தொழிலில் போட்டி மிகுந்து வருமானம் தளர்ந்தது. ஆனால், இலாபம் உயர்ந்துகொண்டே போகுமெனப் பங்குச் சந்தைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. தலைவர் எபேர்ஸ் தம் பங்குகளை ஈடாகக் காட்டிப் பெருங்கடன் பட்டிருந்தார். கம்பனியிடமிருந்தே 40 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனும் பிணையும் பெற்றார். பங்கின் விலை வீழ்ந்தால் தலைவரும் வீழ்வார். கிரெசி கூறிய முதலாவது நிலைமை இங்கு ஒரு தனி மனிதனுக்கன்றி ஒரு கம்பனிக்கே ஏற்பட்டுவிட்டது எனலாம்.

இதற்குப் பிரதம நிதி உத்தியோகத்தர் ஸ்கொட் சலிவன் கண்ட வழி கணக்கேட்டில் இருந்தது. தொலைபேசிக் கம்பனியொன்று தன் வாடிக்கையாளரின் அழைப்புகளைக் கொண்டு சேர்ப்பதற்குப் பிற கம்பனிகளின் கம்பிவழிகளைப் பயன்படுத்தவேண்டும். அதற்குக் கட்டணம் செலுத்தவேண்டும். இதுவே வேர்ள்ட்கொம்மின் மிகப் பெரிய செலவு. 2000ஆம் ஆண்டின் மூன்றாங் காலாண்டில், பின்னர் கொடுக்கவேண்டிய கட்டணங்களுக்கென ஒதுக்கிவைத்திருந்த தொகையில் 82 கோடியே 80 இலட்சம் டொலரைக் குறைத்துக் காட்டும்படி கணக்குப் பிரிவுக்குக் கட்டளை பிறந்தது. அவ்வொதுக்கங்கள் தீர்ந்த பின், 2001ஆம் ஆண்டில் வேறொரு தந்திரம் கையாளப்பட்டது.

அத்தந்திரத்தை விளங்கிக்கொள்ளக் கணக்கியற் பட்டம் தேவையில்லை. மரக்கறி வியாபாரி ஒருவர் நாள்தோறும் சந்தைக்குப் பொருள் கொண்டுசெல்ல லொறி வாடகை கொடுக்கிறார் எனக் கொள்வோம். அவ்வாடகை அன்றைய செலவு. அன்றைய வரவிலிருந்து கழிக்கப்படவேண்டியது. அவரே சொந்தமாக ஒரு லொறியை வாங்கினால் அதன் விலை ஒரே நாளிற் கழிக்கப்படுவதில்லை. பத்தாண்டு உழைக்கும் லொறியாயின் விலையும் பத்தாண்டுகளுக்குப் பகிர்ந்து கழிக்கப்படும். இது நேர்மையான முறையே. ஆனால், அவ்வியாபாரி கொடுத்த வாடகையை வாடகையென எழுதாது, லொறி வாங்கியதாக எழுதிவைத்தால்? கையிலிருந்து காசு போய்விட்டது. வாசலில் லொறி நிற்கவில்லை. ஆயினும் ஏட்டின்படி அவர் இலாபம் பெற்றவராகவும், லொறிக்குச் சொந்தக்காரராகவும் தோன்றுவார். வேர்ள்ட்கொம் செய்ததும் இதுவே. பிறர் கம்பிவழிக்குக் கொடுத்த வாடகை, சொந்தமாகப் பொருள் வாங்கிய மூலதனச் செலவாகப் பதியப்பட்டது. 2001இன் முதலாங் காலாண்டுக்கு மட்டும் 77 கோடியே 10 இலட்சம் டொலர். ஐந்து காலாண்டுகளிற் சேர்ந்த தொகை சுமார் 380 கோடி டொலர்.

கட்டளையிடுபவர் ஒருவர் இருந்தாற் போதாது. ஏட்டில் எழுதும் கையும் ஒன்று வேண்டும். அந்தக் கை, கணக்குப் பிரிவில் நடுத்தரப் பதவி வகித்த ஒரு பெண்மணியினுடையது. அவர் உழைப்பாளி எனவும், கடமை தவறாதவர் எனவும் பெயர் பெற்றவர். முதற் கட்டளை வந்தபோதே அது தவறென அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும், மேலதிகாரிகள் வற்புறுத்தியதால் பதிந்தார். பின்னர் மனச்சாட்சி உறுத்தவே, அவரும் உடன் பணியாளர் ஒருவரும் பதவி விலகுவதென நினைத்து விலகற் கடிதங்களையும் எழுதினர். சலிவன் அவர்களை அழைத்துப் பேசினார். விமானந் தாங்கிக் கப்பலொன்றை உவமையாகச் சொல்லி, வானிற் பறந்துகொண்டிருக்கும் விமானங்கள் இறங்கும்வரை பொறுத்திருக்குமாறும், அதன்பின் வேண்டுமாயின் விலகிக்கொள்ளலாம் எனவும் கூறினார். பொறுப்பு முழுவதும் தமதே என்றார். குடும்ப வருவாயிற் பெரும்பகுதி அப்பெண்மணியின் சம்பளமாயிருந்தது. இன்னொரு வேலை இலகுவிற் கிடைக்குமோ என்ற அச்சமும் இருந்தது. கடிதங்கள் மேசைக்குள்ளேயே தங்கிவிட்டன.

ஒவ்வொரு தடவையும், இதுவே கடைசி எனத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார் அவர். ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் புதிய கட்டளை வந்தது. பதவியுயர்வும் சம்பள உயர்வும் வந்தன, உறக்கமோ போய்விட்டது. தம் பொருட்டு ஒரு சதமேனும் திருடாத ஒருவர், பிறருடைய திருட்டுக்குத் தம் கையெழுத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டார். துரோகம் எப்பொழுதும் வாளேந்தி வருவதில்லை. சில வேளைகளில் அது, இந்த மாதம் மட்டும் உதவி செய்யுங்கள் என்ற இனிய வேண்டுகோளாகவே வருகிறது.

அதே கட்டிடத்தில் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவின் தலைவியாகக் கடமையாற்றினார் சிந்தியா கூப்பர். அவர் கிளின்ரன் நகரிலேயே வளர்ந்தவர். அவர் பிரிவின் பெரும்பாலான வேலை செலவைச் சிக்கனப்படுத்தும் வழிகளை ஆராய்வதேயன்றி நிதிக் கணக்குகளைச் சோதிப்பதன்று. அன்றியும், நிருவாக முறையில் அவர் பதில் சொல்லவேண்டிய மேலதிகாரி சலிவனேயாவார். எவரைச் சோதிக்கவேண்டுமோ அவரிடமே அனுமதி பெறவேண்டிய நிலை.

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கம்பியில்லாத் தொலைபேசிப் பிரிவின் தலைவர், தம் பிரிவின் 40 கோடி டொலர் ஒதுக்கத்தைத் தலைமையகம் எடுத்துக்கொள்ள முற்பட்டதாகக் கூப்பரிடம் முறையிட்டார். வெளியகக் கணக்காய்வாளர்களிடம் விசாரித்தபோது கூப்பருக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுவிடம் அவர் விடயத்தைக் கொண்டுசென்றார். சலிவன் பின்வாங்கினார், ஆயினும் இத்தகைய விடயங்களிற் தலையிடவேண்டாமெனக் கடிந்துகொண்டார். கடிந்த சொல்லே கூப்பரின் ஐயத்தை வளர்த்தது. மறைக்க ஒன்றுமில்லாதவர் கேள்விக்குக் கோபிப்பானேன்?

கூப்பரும் அவருடைய உதவியாளர்களும் மூலதனச் செலவுகளை ஆராயத் தொடங்கினர். "முன்செலுத்திய கொள்திறன்" என்றொரு விளங்காத தலைப்பின் கீழ்ப் பெருந்தொகைகள் கிடந்தன. அத்தலைப்பின் பொருளைக் கணக்குப் பிரிவினரிடம் கேட்டால் ஒருவர் மற்றொருவரைச் சுட்டினாரேயன்றிப் பொருள் கூறுவாரில்லை. கணக்காய்வாளர்கள் இரவிற் தங்கி வேலைசெய்தனர். பகலிற் கணினியிற் பெருந்தொகையான பதிவுகளைத் தேடினால் அதன் வேகம் குறைந்து, தேடல் நடப்பது வெளிப்பட்டுவிடும் என்பது காரணம். கண்டவற்றை அழிக்கப்பட முடியாதவாறு வேறாகப் படியெடுத்தும் வைத்தனர். மே மாத இறுதியில், எவ்வித ஆதாரமுமற்ற 50 கோடி டொலர்ப் பதிவொன்று அகப்பட்டது. ஆய்வைச் சில மாதங்கள் தள்ளிவைக்கும்படி சலிவன் யூன் மாதத்திற் கேட்டார். ஆய்வு தொடருமெனக் கூப்பர் விடையளித்தார்.

அதன்பின் கூப்பர் செய்தது மிக எளிய செயல். 2002 யூன் 17ஆந் திகதி அவர் பதிவுகளை எழுதிய அப்பெண்மணியின் அறைக்கே சென்று, இப்பதிவுக்குரிய ஆதாரப் பத்திரங்கள் எங்கே எனக் கேட்டார். பதிந்தவர் தாமே என்றும், ஆதாரம் ஒன்றும் இல்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அடுத்துக் கணக்குக் கட்டுப்பாட்டாளரிடம் அதே கேள்வி கேட்கப்பட்டது. அப்பதிவுகளை நியாயப்படுத்த இயலாதென அவரும் ஒப்புக்கொண்டார். இரண்டாண்டுகளாகக் கட்டிய கோட்டை ஒரே நாளில், ஒரே கேள்வியால் இடிந்துவிட்டது.

யூன் 25ஆந் திகதி உண்மை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சலிவன் பதவி நீக்கப்பட்டார். யூலை 21ஆந் திகதி, 10,000 கோடி டொலருக்கு மேற்பட்ட சொத்துகளை ஏட்டிற் கொண்டிருந்த அக்கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அமெரிக்க வரலாற்றில் அக்காலம்வரை நிகழ்ந்தவற்றுள் அதுவே மிகப் பெரிய வங்குரோத்து. பொய்க்கணக்கின் முழுத்தொகை சுமார் 1,100 கோடி டொலரெனப் பின்னர் கணிக்கப்பட்டது. 17,000 ஊழியரை நிறுத்தப்போவதாக அறிவித்தல் வந்தது. பங்குகளிற் சேமித்தோரின் முதுமைக்காலச் சேமிப்பும் கரைந்தது. எபேர்ஸ் 2005இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உடல்நலக் குறைவு காரணமாக 2019 டிசெம்பரில் விடுவிக்கப்பட்டு, 2020 பெப்ரவரியிற் காலமானார். குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சியமளித்த சலிவனுக்கு ஐந்தாண்டு. பதிவுகளை எழுதிய பெண்மணிக்கு ஐந்து மாதச் சிறையும், ஐந்து மாத வீட்டுக் காவலும். முழுப் பொறுப்பும் தமதே என்று கூறிய மேலதிகாரியின் வாக்கு நீதிமன்ற வாயிலில் அவரைக் காக்கவில்லை.

இவ்வரலாறு மிகப் பெரிய கம்பனியொன்றின் கதையாயினும், சிறிய கந்தோர்களுக்கும் பொருந்தும் பாடங்கள் சில இதிலுண்டு.

முதலாவது, ஐயத்தையும் முடிவையும் வேறாகக் கொள்ளவேண்டும். கணக்கிற் கண்ட பிழையெல்லாம் மோசடியாகாது. களைப்பினாலும் அறியாமையினாலும் நேரும் தவறுகளே உலகில் அதிகம். ஆதலால் ஐயங்கொண்ட ஒருவர் முதலிற் செய்யவேண்டியது குற்றஞ் சாட்டுவதன்று; கேட்பது. "இத்தொகை எதற்காக? இதற்கான உறுதிச்சீட்டைக் காட்டமுடியுமா?" என்ற கேள்வி நேர்மையாளரை நோகச் செய்வதில்லை, அவர் சீட்டை எடுத்துக் காட்டிவிடுவார். நேர்மையற்றவருக்கோ அக்கேள்வியைக் கடப்பது அரிது.

இரண்டாவது, எழுத்தில் உள்ளதே நிலைக்கும். எந்த நாளில் யார் என்ன கட்டளையிட்டார், என்ன விடை கூறப்பட்டது என்பதை அன்றன்றே குறித்து வைத்தல் பழிவாங்கும் ஆயத்தமன்று, தற்காப்பாகும். வாய்மொழியாக வரும் ஐயத்துக்கிடமான கட்டளையை எழுத்திற் தருமாறு பணிவுடன் வேண்டுவது எந்த ஊழியருக்கும் உரியது. பல தீய கட்டளைகள் எழுத்தாக மாறுமுன்பே இறந்துவிடுகின்றன.

மூன்றாவது, சொல்ல வேண்டியவரிடம் சொல்லவேண்டும். தேநீர்க்கடையிற் பேசினால் அது கோளாகும். பொறுப்புள்ளவரிடம் ஆதாரத்துடன் சொன்னால் முறைப்பாடாகும். முறைப்பாடு யாரைப்பற்றியதோ அவரே அதனை விசாரிப்பவராயிருந்தால் அவருக்கு மேலுள்ள சபையிடம் செல்லல் வேண்டும். கூப்பர் சென்றதும் அவ்வாறே. மொட்டைக் கடிதம் எழுதும் வழக்கமும் உண்டு. பெயரை மறைப்பதே அதன் குற்றமன்று. இம்மோசடிகளின் பின் 2002 யூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம், பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் கம்பனிகளில் ஊழியர் தம் பெயர் வெளிவராமலே முறையிடுவதற்கு வழி அமைக்கவேண்டுமென விதித்தது. முறையிட்டோரைப் பழிவாங்குவதையும் தடுத்தது. ஆனால், திகதியும் தொகையும் பத்திர இலக்கமும் இன்றி வசையை மட்டும் நிரப்பிய கடிதம் குற்றவாளியைப் பிடிப்பதில்லை. குற்றமற்றவர்மீதும் சேறு தெளிக்கிறது.

நான்காவது, தனித்து நின்று போராடுதல் ஆகாது. கூப்பருக்கு உதவியாளர் இருந்தனர். ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்த்தனர். தனித்திருப்பவருக்கு அச்சமும் பெரிதாகத் தோன்றும்; கோபமும் பெரிதாகத் தோன்றும். நம்பத்தக்க ஒருவரின் கண், இரண்டையும் அளவுக்குக் கொண்டுவரும்.

ஐந்தாவதே மிக முக்கியமானது. முதற் கையெழுத்தில் எச்சரிக்கை வேண்டும். அப்பெண்மணி பத்தாவது தடவையில் மறுப்பதற்கு மிகுந்த வீரம் தேவைப்பட்டிருக்கும். முதற்றடவையிற் குறைந்த வீரமே போதுமாயிருந்தது. முதலில் மறுத்திருந்தால் இழப்பு ஒரு வேலை. பின்னர் இழந்ததோ வேலையும், நற்பெயரும், சுதந்திரமும். குடும்பத்தின் பொருட்டே பணிந்தார் என்பது உண்மை. சிறைக்குப் போனபோது பிரிய நேர்ந்ததும் அக்குடும்பத்தையே.

நிருவாகத்தாருக்கும் கடமையுண்டு. பணத்தை வைத்திருப்பவர், அதனைக் கணக்கிற் பதிபவர், செலவுக்கு அனுமதி வழங்குபவர் ஆகிய மூவரும் வெவ்வேறானவராயிருத்தல் வேண்டும். பொறுப்பான பதவியிலிருப்போர் ஆண்டுக்கொரு முறையேனும் விடுமுறையிற் சென்று, அவர் வேலையை இன்னொருவர் பார்த்தல் வேண்டும். ஒருநாளும் விடுமுறை எடுக்காத ஊழியர் எப்பொழுதும் உத்தமர் அல்லர்; தம் ஏட்டைப் பிறர் திறக்க விடாதவராகவும் இருக்கலாம். இவ்விதிகள் யாரையும் அவமதிப்பனவல்ல. கிரெசி கூறிய வாய்ப்பு என்னும் கதவை அடைத்து, இடர்ப்பட்ட ஊழியரை அவருடைய பலவீனத்திலிருந்தே காப்பன.

அன்றாடப் பணிமனையில் நிகழும் துரோகங்கள் இத்துணைப் பெரியனவல்ல. பிறருடைய உழைப்பைத் தமதெனக் காட்டுதல், தம் பிழையை இளையவர்மீது சுமத்துதல், நட்பாகக் கூறியதை மேலதிகாரியின் காதில் ஓதுதல் முதலியனவே பெரும்பாலானவை. இவற்றுக்கு நீதிமன்றம் இல்லை. இங்கு பாதிக்கப்பட்டவர் ஒருமுறை, தனிமையில், நேருக்கு நேராகக் கேட்பதே சிறந்தது. பலர் ஒரு கேள்வியோடு திருந்திவிடுவர். திருந்தாதவருடன் வேலை தொடர்பான உறவு மட்டும் போதும். எழுத்திற் பேசுதல் போதும். அவர் செய்ததையே திருப்பிச் செய்வதால் பணிமனையில் துரோகிகளின் தொகை ஒன்றால் கூடுமேயன்றிக் குறையாது. ஒருவர் வஞ்சித்தாரென்று எல்லோரையும் ஐயுறுவதும் அவ்வாறே தீங்காகும். நம்பிக்கையை விடவேண்டியதில்லை; நம்பிக்கைக்குச் சாட்சியாக ஓர் உறுதிச்சீட்டையும் சேர்த்துக்கொண்டாற் போதும்.

உண்மையை வெளிப்படுத்தியவருக்கு உடனடியாக மாலை சூட்டப்படுவதில்லை. அமெரிக்காவின் டைம் சஞ்சிகை 2002ஆம் ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்த மூவருள் கூப்பரும் ஒருவர். ஆயினும் அவர் பணிபுரிந்த கம்பனியில் அவரை மனக்கசப்போடு நோக்கியோரும் இருந்தனர். வேலை இழந்தவர்களுக்கு, நோயைக் கண்டறிந்த வைத்தியரே நோயைக் கொண்டுவந்தவர் போலத் தோன்றுவது இயல்பே. ஆனால், கணக்கு மறைக்கப்பட்ட ஒவ்வொரு மாதமும் புதிது புதிதாகச் சிலர் தம் சேமிப்பைப் பொய்ப் பங்குகளில் இட்டுக்கொண்டேயிருந்தனர். அவருடைய கேள்வி இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் இழந்தோரின் தொகை இன்னும் பெருகியிருக்கும். நேர்மையான ஊழியர் ஒருவர் தம் பணிமனைக்குச் செய்யக்கூடிய பேருதவி, காலந் தாழ்த்தாது கேட்கப்படும் அந்த ஒரு கேள்வியே ஆகும்.